திண்டுக்கல்லில் எழுநூறு மஞ்சள் கட்டுகள்

கையிலும் காலிலும் மஞ்சள் தோய்த்த துணிக்கட்டுகளோடு ஏறத்தாழ 700 சிப்பாய்கள் வரிசையில் நின்றார்கள். மைசூர் அரசு அனுப்பிய அதிகாரி ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே போனார். போரில் காயம்பட்டவனுக்குக் காயம் ஆறும்வரை அரசு தனியாகப் படி கொடுக்கும். அதற்கான பணத்தோடும், வெற்றி பெற்ற தளபதிக்கு உரிய பரிசுகளோடும்தான் அவர் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து வந்திருந்தார். எண்ணிக்கை சரியாக இருந்ததால் பணத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். உண்மையில் அந்தச் சண்டையில் காயம்பட்டவர்கள் 67 பேர். மற்றவர்களின் கட்டுக்குள் ஒரு கீறலும் இல்லை.

நடந்த இடம் திண்டுக்கல் சீமை. தளபதியின் பெயர் ஹைதர் அலி.

பூட்டு, புகையிலை, சுருட்டு, பிரியாணி என்று இந்த ஊருக்குப் பல அடையாளங்கள் உண்டு. மைசூர்ப் பேரரசு தன் ஆரம்பப் பாடங்களைப் படித்த இடம் இது என்பதை மட்டும் அதிகம் பேர் சொல்வதில்லை. பின்னாளில் கிழக்கிந்தியக் கம்பெனியைக் கதிகலங்க வைத்த மனிதர், படை நடத்தவும் பணம் சேர்க்கவும் பீரங்கி வார்க்கவும் கைதேர்ந்தது நம் மலைக்கோட்டையின் அடிவாரத்தில்தான்.

மலைக்கோட்டை மதுரை நாயக்கர்கள் கட்டியது. நாயக்கர் ஆட்சி முடிந்த பிறகு, 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், திண்டுக்கல் மைசூர்க்காரர்கள் கைக்கு வந்தது. கோட்டை வந்ததே தவிர, சுற்றியிருந்த பாளையங்கள் வரவில்லை. கப்பம் கேட்டால் பாளையக்காரர்கள் கையை விரித்தார்கள். நெருக்கினால் காட்டுக்கும் மலைக்கும் போய்விட்டார்கள். அவர்களை வழிக்குக் கொண்டுவர, மைசூரை உண்மையில் ஆண்டுவந்த அமைச்சர் நஞ்சராஜர் 1755இல் ஹைதரைத் திண்டுக்கல்லுக்கு ஃபவுஜ்தாராக, அதாவது படைப் பொறுப்பாளராக, அனுப்பினார். அப்போது ஹைதர் அரசரல்லர். திருச்சிராப்பள்ளி முற்றுகையில் பெயரெடுத்த படைத்தலைவர்களில் ஒருவர், அவ்வளவுதான்.

எழுதப் படிக்கத் தெரியாதவர் ஹைதர். ஆனால் கணக்கும் நினைவாற்றலும் அசாத்தியம். அவருக்குத் துணையாக இருந்தவர் கந்தே ராவ் என்ற கணக்கர். திருச்சிராப்பள்ளி நாட்களிலேயே இருவரும் ஓர் ஏற்பாட்டைச் செய்திருந்தார்கள். படையோடு வரும் பிண்டாரிக் குதிரைக்காரர்களும் பேடர் காலாட்களும் கொள்ளையடிப்பதில் பாதி அவர்களுக்கு, பாதி ஹைதருக்கு. ஒரு சல்லி விடாமல் அதற்குக் கணக்கு வைத்தவர் கந்தே ராவ். அடுத்தது ஆள் கணக்கு. ஒரு முறை படை எண்ணிக்கையைச் சரிபார்க்க அதிகாரி வந்தபோது, எண்ணி முடித்த சிப்பாய்கள் பின்பக்கமாகச் சுற்றிவந்து மறுபடி வரிசையில் சேர்ந்துகொண்டார்கள். 10,000 பேர் 18,000 பேராக ஏட்டில் ஏறினார்கள். இல்லாத 8,000 பேருக்கும் சம்பளம் வந்தது.

இவற்றையெல்லாம் எழுதி வைத்தவர் மார்க் வில்க்ஸ். மைசூரில் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்தவர். பிறகு செயின்ட் ஹெலினா தீவின் ஆளுநராகி, 1815இல் நெப்போலியன் அங்கே கைதியாக வந்து இறங்கியபோது பொறுப்பில் இருந்தவரும் இவரே. தென்னிந்திய வரலாற்றை மூன்று தொகுதிகளாக எழுதினார். எதிரியின் ஆள் எழுதியதை எப்படி நம்புவது என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஹைதரைக் கொள்ளைக்காரராகக் காட்டுவது கம்பெனிக்கு வசதியாக இருந்தது. ஆனால் அதே வில்க்ஸ்தான் ஹைதரின் திறமையை மனம்விட்டு வியந்தும் எழுதுகிறார். பழைய மைசூர் அரசவையை நேரில் அறிந்தவர்களிடம் கேட்டும் எழுதினார். எண்ணிக்கை முன்பின் இருக்கலாம். மஞ்சள் கட்டு கதையை நான் நம்புகிறேன். நாயக்கர்கள் வீழ்ந்ததிலிருந்து இந்தச் சீமையில் அதிகாரம் கைமாறிய ஒவ்வொரு தடவையும், படையின் செலவை யாராவது ஒருவர் தலையில் கட்டுவதே வழக்கமாக இருந்தது. இந்த முறை மைசூர்க் கருவூலம் அழுதது. மற்ற முறைகளிலும், இந்த முறையிலும்கூட, அழுதவர்கள் பாளையத்துக் குடியானவர்கள். யாருடைய மாடு போனது, யாருடைய களத்து நெல் போனது என்பதை எந்த வில்க்ஸும் எழுதவில்லை.

கந்தே ராவின் முடிவு விசித்திரமானது. 1760இல் அவர் அரண்மனையோடு சேர்ந்துகொண்டு ஹைதருக்கு எதிராகத் திரும்பினார். ஹைதர் தப்பியோடி, படை திரட்டித் திரும்பி, 1761இல் மைசூரையே தன் கைக்குள் கொண்டுவந்தார். கந்தே ராவை ஒப்படைக்கச் சொன்னபோது, அவர் உயிருக்காக அரண்மனைப் பெண்கள் மன்றாடினார்கள். கொல்ல மாட்டேன், கிளியைப் போல வைத்துக் காப்பாற்றுவேன் என்று ஹைதர் வாக்குக் கொடுத்தார். வாக்குத் தவறவில்லை. பெங்களூரில் ஓர் இரும்புக் கூண்டில் அடைத்து, பாலும் சோறும் கொடுத்து, சாகும்வரை அப்படியே வைத்திருந்தார். மஞ்சள் கட்டுக்குப் படி வாங்கித் தந்த நாட்களில் ஹைதரின் நலனைக் காக்க ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உட்கார்ந்திருந்த அதே கந்தே ராவ்தான் இவர்.

மோசடியில் சேர்த்த பணம் எங்கே போனது? அதில்தான் இந்தக் கதையின் கனமே இருக்கிறது. திருச்சிராப்பள்ளியிலிருந்தும் ஸ்ரீரங்கத்திலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கைதேர்ந்த கைவினைஞர்களை ஹைதர் திண்டுக்கல்லுக்கு வரவழைத்தார். பிரெஞ்சுக்காரர்கள் மேற்பார்த்தார்கள். பீரங்கிப் படை, ஆயுதச்சாலை, வெடிமருந்துக் கூடம் மூன்றும் இங்கே உருவாயின. ஐரோப்பியர் பீரங்கியை வாங்கி வைத்துக்கொண்டு பெருமைப்பட்ட அரசர்கள் அன்று நிறையப் பேர். அதைச் செய்யும் வேலையையே தன் ஊருக்குள் கொண்டுவந்து, உள்ளூர்க் கைகளுக்குப் பழக்கிய தளபதிகள் மிகக் குறைவு. 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் கம்பெனியின் கர்னல் பெய்லியின் படையை ஹைதரும் அவர் மகன் திப்புவும் சின்னாபின்னமாக்கினார்கள். அன்றைக்குக் கம்பெனியின் வெடிமருந்து வண்டிகளை வெடிக்க வைத்த பீரங்கிப் படைக்கு வேர் தேடிப் போனால் திண்டுக்கல்லுக்கு வந்து நிற்போம்.

திண்டுக்கல்லில் ஹைதரின் நினைவு ஓர் ஊர்ப் பெயரிலும் இருக்கிறது. இங்குள்ள பேகம்பூர் என்ற பெயர் ஹைதரின் தங்கை அமீருன்னிசா பேகத்தை நினைவூட்டுவது என்பார்கள் ஊரார். அவர் அங்கேதான் அடக்கமானார் என்பதும் அந்தப் பக்கத்து மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி.

கப்பம் வாங்க வந்த ஹைதரைத் தேடி, பிற்பாடு ஓர் அரசி வந்தார். 1772இல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டதும், சிவகங்கை அரசி வேலுநாச்சியார் தப்பிவந்து திண்டுக்கல் சீமையின் விருப்பாச்சியில் தஞ்சமடைந்தார். அந்தப் பாளையத்தின் கோபால நாயக்கர் அவருக்கு இடம் கொடுத்தார். அரசியின் சார்பில் அமைச்சர் தாண்டவராய பிள்ளை ஹைதருக்குக் கடிதம் எழுதினார். நாச்சியாருக்கு உருதும் தெரியும். ஹைதரை நேரில் சந்தித்து அந்த மொழியிலேயே பேசினார் என்பது சிவகங்கைச் சீமையில் இன்றும் பெருமையோடு சொல்லப்படும் செய்தி. ஹைதர் படை கொடுத்தார். 1780இல் சிவகங்கை நாச்சியார் கைக்குத் திரும்பியது.

திண்டுக்கல் கோட்டை 1783இல் கம்பெனியிடம் போய், மங்களூர் உடன்படிக்கையால் மைசூருக்குத் திரும்பி, 1790இல் கர்னல் ஸ்டூவர்ட்டிடம் மறுபடி போனது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு இந்தச் சீமையை எழுதிக் கொடுத்துவிட்டார். ஹைதர் இறந்து அப்போது ஒன்பது ஆண்டுகள் கடந்திருந்தன. நாச்சியாருக்கு அடைக்கலம் தந்த விருப்பாச்சி கோபால நாயக்கர் மட்டும் விடவில்லை. பாளையங்களை ஒன்றுசேர்த்துக் கம்பெனியை எதிர்த்தார். 1801இல் அவரைப் பிடித்துத் தூக்கிலிட்டார்கள். அது திண்டுக்கல் கோபாலசமுத்திரக் கரையில் நடந்தது என்கிறார்கள் ஊரார்.