கண்ணுக்குத் தமிழ், காதுக்கு செமிகோலன்

போன மாசம் மேலூர்ல இருந்து ஒரு தங்கச்சி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. பார்வை கிடையாது, குரூப் 4 பரீட்சைக்குப் படிக்கிறாங்க. "அண்ணா, கோச்சிங்ல குடுத்த வேர்ட் ஃபைலைத் திறந்தா என்விடிஏ ஏதோ இங்கிலீஷ் எழுத்தா கத்துது. தமிழே வரல. என் லேப்டாப்புல பிரச்சினையா?"

நானும் பெரிய இன்ஜினியர் மாதிரி, "அப்டேட் பண்ணிப் பாருங்கம்மா"ன்னு சொல்லிட்டேன். அவங்களுக்கு ரெண்டு நாள் வீணாப் போச்சு. அப்புறம்தான் ஃபைலை வாங்கிப் பார்த்தேன். என் கண்ணுக்கு நல்ல தமிழ். ஃபான்ட் பேரைப் பார்த்ததும் புரிஞ்சுது: பாமினி.

என்விடிஏங்கறது ஸ்க்ரீன்ல இருக்கறதை வாசிச்சுக் காட்டுற இலவச மென்பொருள். 2006-ல ஆஸ்திரேலியாவுல மைக்கேல் கரன் ஆரம்பிச்சார், ஜேம்ஸ் டே கூடச் சேர்ந்தார். ரெண்டு பேருமே பார்வையற்றவங்க. அதோடவே வர்ற ஈஸ்பீக் குரலுக்குத் தமிழ் தெரியும். ஆனா அது எழுத்தோட உருவத்தைப் பார்க்காது, ஃபைலுக்குள்ள என்ன சேமிச்சிருக்குன்னுதான் பார்க்கும். பாமினியில 'தமிழ்'னு அடிச்சா உள்ளே போறது ஜே, கே, பி, ஓ, செமிகோலன். அதுக்கு ஒரு தமிழ் முகமூடி மாட்டி விடுறதுதான் அந்த ஃபான்ட்டோட வேலை. முகமூடி கண்ணுக்கு மட்டும்தானே!

உங்க ஃபைல் எப்படின்னு தெரியணுமா? ஒரு வரியை செலக்ட் பண்ணி ஃபான்ட்டை ஏரியல்னு மாத்துங்க. யூனிகோடா இருந்தா தமிழாவே நிக்கும். இல்லேன்னா முகமூடி கழண்டுரும்.

யூனிகோட்ல தமிழ் 1991-லேயே வந்தாச்சு. தமிழ்நாடு அரசும் 2010-ல ஏத்துக்கிட்டாச்சு. ஆனா நம்ம ஊர் டிடிபி கடைகள்ல பல பேருக்குக் கை பழகினது பழைய ஃபான்ட்லதான். அவங்களைத் திட்டிப் பிரயோஜனமில்ல, பொழப்பு அந்தக் கீபோர்டுல ஓடுது. என்எச்எம் ரைட்டர்ல பாமினி கீபோர்டு அமைப்பே இருக்கு. விரல் அதே மாதிரி ஓடும், உள்ளே யூனிகோட் போகும். இது தெரிஞ்சா நிறைய பேர் மாறிடுவாங்கன்னு நினைக்கிறேன்.

பழைய ஃபைலுக்குக் கன்வர்ட்டர் இருக்கு. அப்படியே நம்பிடாதீங்க. நடுவுல நிஜமாவே இங்கிலீஷ்ல இருக்கற வார்த்தைகளையும் அது தமிழாக்கி வெச்சிரும். 'டிஎன்பிஎஸ்சி' என்ன ஆச்சுன்னு நான் சொல்லல, கேட்டா சிரிப்பீங்க. உக்காந்து ஒரு தடவை படிச்சுத் திருத்தணும்.

திருத்தி அனுப்பினேன். தமிழ் வந்துச்சு. "ஆனா அண்ணா, மௌரியர் எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியல, முதல்ல இருந்தே கேட்டுக்கிட்டு வரேன்"ன்னாங்க. 140 பக்கம்! தலைப்பெல்லாம் சும்மா போல்டு பண்ணி, சைஸ் ஏத்தி வெச்சிருந்தாங்க. கண்ணுக்கு அது தலைப்பு, என்விடிஏவுக்கு இன்னொரு வரி. வேர்டுல ஹோம் மெனுவுலயே 'ஹெட்டிங் 1', 'ஹெட்டிங் 2' இருக்கு. கன்ட்ரோல், ஆல்ட், 1 அழுத்தினாலும் போதும். அப்படிப் போட்டா, என்விடிஏவை பிரவுஸ் மோடுக்கு மாத்திட்டு 'எச்' அழுத்த அழுத்தத் தலைப்பு தலைப்பா தாவலாம். பார்க்கறவங்களுக்கும் லாபம்தான்: நேவிகேஷன் பேன்ல தலைப்பெல்லாம் வரிசையா வந்து நிக்கும்.

அடுத்த பக்கம் போக என்டரைத் தட்டிக்கிட்டே இருக்காதீங்க, கன்ட்ரோல் என்டர் போதும். படத்துக்கு ரைட் கிளிக் பண்ணி ஆல்ட் டெக்ஸ்ட்ல ரெண்டு வரி எழுதுங்க. பிடிஎஃப் வேணும்னா பிரின்ட் வழியா போகாம 'சேவ் ஆஸ்' பண்ணுங்க, இல்லேன்னா போட்ட ஹெட்டிங்கெல்லாம் போயிரும். ரிவ்யூ மெனுவுல 'செக் ஆக்சஸிபிலிட்டி'ன்னு ஒண்ணு இருக்கு. நல்ல கருவி, ஆனா பாமினி விஷயத்துல அதை நம்ப முடியாது.

பார்வை மங்கலானவங்களுக்காக ஒண்ணு. தமிழ் வார்த்தைகள் நீளம், அதனால ஜஸ்டிஃபை பண்ணினா வரிக்கு நடுவுல பள்ளம் விழும். இடது பக்கம் ஒட்டியே விடுங்க. அடிக்கோடு 'கு', 'ழு' வாலை வெட்டும், அதையும் தவிர்த்துடுங்க.

நேத்து அந்தத் தங்கச்சி புது ஃபைல் ஒண்ணு அனுப்பினாங்க, பொருளாதாரம். திறந்தேன், பாமினிதான். இந்த எபிசோடை கோச்சிங் சாருக்கே அனுப்பி வைங்கன்னு சொல்லியிருக்கேன். சார், கேக்கறீங்களா?