கேக் மீது குழந்தையின் முகம்! சாப்பிடலாமா?

பிறந்த நாள் கேக் மீது முன்பெல்லாம் பெயரை மட்டும்தான் எழுதுவார்கள். இப்போது குழந்தையின் முகமே வந்துவிடுகிறது!

தியாகராயநகர், மயிலாப்பூர், அடையாறு என்று சென்னையில் எங்கும் இந்த "போட்டோ கேக்" கிடைக்கிறது. கடைக்காரர்கள் மட்டும் அல்ல, வீட்டிலேயே கேக் செய்து விற்கும் பெண்களும் செய்து கொடுக்கிறார்கள். செல்போனில் படத்தை அனுப்பினால் போதும். படத்தோடு கேக் வந்துவிடும்.

கேக்கை வெட்டியதும், "கண் எனக்கு, மூக்கு உனக்கு" என்று குழந்தைகள் போட்டி போட்டுச் சாப்பிடுவார்கள்.

அந்தக் கண்ணிலும் மூக்கிலும் இருப்பது என்ன மை? எந்தப் பிரிண்டரில் அச்சிட்டார்கள்? இதை நாம் கேட்பது இல்லை. கேட்க வேண்டும்.

எப்படி அச்சிடுகிறார்கள்?

இந்தப் படத்தைக் காகிதத்தில் அச்சிடுவது இல்லை. அரிசி மாவிலோ, உருளைக்கிழங்கு மாவிலோ செய்த தாள் ஒன்று உண்டு. அப்பளத்தைவிட மெல்லியதாக இருக்கும். சர்க்கரையும் மாவும் சேர்த்துச் செய்த தாளும் உண்டு. இரண்டையும் சாப்பிடலாம்.

மையும் தனி மைதான். தண்ணீர், கிளிசரின், உணவில் சேர்க்கும் சாயம் ஆகியவை அதில் இருக்கும். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளைக் கொண்டே எல்லா நிறங்களையும் கொண்டு வந்துவிடலாம்.

இதுவரை சரி. ஆனால் பிரிண்டர்?

புதிய பிரிண்டரை வாங்கி, முதல் நாளில் இருந்தே உணவு மையை மட்டும் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பேச்சு இல்லை. பையனின் பள்ளிக்கூடப் பாடத்தை நேற்று அச்சிட்ட அதே பிரிண்டரில் இன்று கேக் படத்தை அச்சிட்டால், அதுதான் ஆபத்து!

மையை மாற்றினால் போதாதா?

"மைப் பெட்டியை மாற்றிவிட்டால் போதுமே" என்று சிலர் நினைக்கலாம். போதாது.

பிரிண்டருக்குள் மையைத் தெளிக்கும் முனை ஒன்று உண்டு. அதில் தலைமுடியைவிட மெல்லிய துளைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒரு லிட்டர் மையை லட்சம் கோடி பங்குகளாகப் பிரித்தால், அதில் சில பங்குதான் ஒரு துளி! அவ்வளவு சிறிய துளிகளாக மை பாய்கிறது.

பழைய மை இந்தத் துளைகளில் தங்கிவிடும். சில பிரிண்டர்களில் மெல்லிய குழாய்களிலும் தங்கும். வழியும் மையை உறிஞ்சிக்கொள்ள அடியில் பஞ்சு போன்ற ஒரு பகுதி இருக்கிறது. அதிலும் தேங்கி நிற்கும். தாளைத் தள்ளும் ரப்பர் உருளையிலும் மைத்தூசியும், காகிதத் தூசியும் ஒட்டி இருக்கும். உணவுத்தாள் அந்த உருளையைத் தொட்டுக்கொண்டுதான் வெளியே வருகிறது. உள்ளே கையை விட்டுச் சோப்புப் போட்டுக் கழுவ, அது சமையல் பாத்திரம் அல்ல!

இன்னொன்றும் உண்டு. உணவு மை சீக்கிரம் காய்ந்து துளைகளை அடைத்துக்கொள்ளும். அடைப்பை எடுக்க, சாதாரண மையைப் போட்டு ஓட்டிப் பார்க்கக் கூடாது. ஒரு முறை போட்டாலும் அந்தப் பிரிண்டர் கேக்குக்கு ஆகாது.

சாதாரண மையில் என்ன இருக்கிறது?

காகிதத்துக்கான சாயம், சீக்கிரம் காயாமல் இருக்க ரசாயனத் திரவம், பூஞ்சை பிடிக்காமல் இருக்க மருந்து ஆகியவை இருக்கும். காகிதத்தில் படத்துக்கு அது நல்ல மை. ஆனால் வயிற்றுக்குள் போவதற்காகச் செய்த மை அல்ல.

ஒரு துண்டு கேக்கால் உயிர் போய்விடும் என்று பயமுறுத்தவில்லை. ஆனால் போட்டோ கேக்கை அதிகம் சாப்பிடுவது யார்? குழந்தைகள். அவர்களுடைய உடம்பு சிறியது. பெரியவர்களுக்கு ஒன்றும் செய்யாத அளவு, அவர்களுக்கு அதிகமாகிவிடலாம்.

"விஷம் இல்லை" என்றால்?

மைப் புட்டியில் "விஷம் இல்லாதது" என்று எழுதியிருந்தால் நம்பலாமா? கூடாது. "விஷம் இல்லாதது" வேறு, "சாப்பிடத் தகுந்தது" வேறு.

2018-ம் ஆண்டு அமெரிக்காவில் உள்ள ரோட் தீவு மாநிலத்தில் ஒரு பிறந்த நாள் விழா நடந்தது. கேக் மீது தங்க நிறத்தில் மின்னும் பொடி பூசியிருந்தார்கள். அதைச் சாப்பிட்ட 6 குழந்தைகள் வாந்தி எடுத்தார்கள். சோதித்துப் பார்த்ததில், அந்தப் பொடியில் செம்பு அளவுக்கு மீறி இருந்தது தெரிந்தது. அது அலங்காரப் பொடி, உணவுப் பொடி அல்ல!

சென்னையிலும் இப்படி ஒன்று நடந்தது. 2024-ம் ஆண்டு பிப்ரவரி மாதம், மெரினா கடற்கரையில் விற்ற பஞ்சு மிட்டாயை அதிகாரிகள் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். துணிக்குப் போடும் ரோடமின்-பி என்ற சாயம் அதில் இருந்தது. அந்த மாதமே தமிழக அரசு பஞ்சு மிட்டாய் விற்பனைக்குத் தடை விதித்தது.

துணிச் சாயம் துணிக்கு. காகித மை காகிதத்துக்கு. இவ்வளவுதான் விஷயம்.

ஏன், இந்தப் பத்திரிகையின் மையும் அப்படித்தான்! வடை, பஜ்ஜியைப் பத்திரிகைத் தாளில் கட்டிக் கொடுக்க வேண்டாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-ம் ஆண்டிலும், 2023-ம் ஆண்டிலும் எச்சரித்தது. எங்கள் பத்திரிகையைப் படியுங்கள். அதில் பஜ்ஜியை வைத்துச் சாப்பிடாதீர்கள்!

கேக் வாங்கும் முன் கேளுங்கள்

போட்டோ கேக் கேட்டு அழும் குழந்தைக்கு "கிடையாது" என்று சொல்ல வேண்டியது இல்லை. கேக் கடைக்காரரிடமோ, வீட்டில் செய்யும் அம்மாவிடமோ இவற்றைக் கேளுங்கள்:

1. இந்தப் பிரிண்டர் கேக்குக்கு மட்டும்தானா? இதில் எப்போதாவது சாதாரண மை போட்டது உண்டா?

2. மைப் புட்டியைக் காட்ட முடியுமா? அதில் உணவுக்கான மை என்ற எழுத்தும், சேர்த்த சாயங்களின் பெயரும், காலாவதி தேதியும் இருக்கிறதா?

3. தாள், உண்ணும் தாள்தானா? அதற்கும் காலாவதி தேதி உண்டு.

4. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்கப் பதிவு எண் இருக்கிறதா? வீட்டில் செய்து விற்பவர்களும் இதை வாங்க வேண்டும்.

நேர்மையாகத் தொழில் செய்கிறவர்கள் இப்படிக் கேட்டால் கோபப்பட மாட்டார்கள். புட்டியை எடுத்துக் காட்டுவார்கள். மழுப்பினால், படம் இல்லாத கேக்கை வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டில் கேக் செய்து பிழைக்கும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. தனிப் பிரிண்டர் வாங்கப் பணம் இல்லையா? இப்போதைக்குப் படத்தை விட்டுவிடுங்கள். பெயரை அழகாகக் கிரீமில் எழுதுங்கள். ஒரு குழந்தைக்கு வயிற்று வலி வந்தால், பல ஆண்டு உழைத்து வாங்கிய நல்ல பெயர் ஒரே நாளில் போய்விடும்.

குழந்தையின் முகம் வேண்டும் என்றால், காகிதத்தில் அச்சிட்டு, சட்டம் போட்டு, கேக்குக்குப் பக்கத்தில் வையுங்கள். கேக்கும் ருசிக்கும், படமும் வீட்டில் இருக்கும்!