கம்ப்ரசர் வாங்கும்முன் ஒரு கணக்கு

காரை வீட்டிலேயே பழுது பார்க்கலாம், கீறல் விழுந்த கதவுக்கு நாமே பெயின்ட் அடிக்கலாம் என்று கிளம்புகிறவர் கடையில் முதலில் கேட்பது, “எத்தனை எச்.பி.?” கடைக்காரரும் சளைக்காமல் சொல்வார்: “ரெண்டு எச்.பி., அம்பது லிட்டர் டேங்க், எட்டு பார் வரைக்கும் ஏறும் சார்.” மூன்றும் சரியான எண்கள்தான். ஆனால், பெயின்ட் அடிக்க முடியுமா என்பதைத் தீர்மானிக்கும் எண் அவற்றில் இல்லை.

நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று வெளியே வருகிறது என்பதுதான் அந்த எண். சி.எஃப்.எம். என்பார்கள். ஒரு கன அடி சுமார் 28 லிட்டர். நல்ல பிஸ்டன் கம்ப்ரசர் எச்.பி.க்கு மூன்று, நான்கு கன அடி தரும். ஆக, இரண்டு எச்.பி.க்கு ஆறோ ஏழோ. ஸ்டிக்கரில் பத்து என்று போட்டிருந்தால் ஏமாற வேண்டாம். சிலிண்டரின் கொள்ளளவைச் சுழற்சி வேகத்தால் பெருக்கிப் போட்ட எண்ணாக அது இருக்கலாம். நிஜத்தில் வால்வு கொஞ்சம் கசியும். சூடேறிய சிலிண்டருக்குள் நுழையும் காற்று விரிந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். பிஸ்டன் மேலே போனபிறகும் மூலையில் கொஞ்சம் காற்று தங்கிவிடும். மூன்றில் ஒரு பங்கு இப்படியே போய்விடும். மிச்சம் கைக்கு வருவதுதான் எஃப்.ஏ.டி. (ஃப்ரீ ஏர் டெலிவரி).

சரி, டேங்கில்தான் காற்று சேர்ந்திருக்கிறதே என்று தோன்றும். ராபர்ட் பாயில் 1662-ல் சொன்ன விதியை வைத்துக் கணக்குப் போடலாம். 50 லிட்டர் டேங்க் எட்டு பாரிலிருந்து ஐந்து பாருக்கு இறங்கினால், வெளியே வருவது 150 லிட்டர் காற்று. ஐந்தே கால் கன அடி! பட்டறைகளில் புழங்கும் எச்.வி.எல்.பி. ஸ்ப்ரே கன் நிமிடத்துக்குப் பத்து முதல் பதினைந்து கன அடி கேட்கும். பன்னிரண்டு என்றே வைத்துக்கொள்வோம். மோட்டார் ஆறு கன அடி கொடுத்துக்கொண்டே இருந்தாலும் டேங்க் ஒரு நிமிடம்கூடத் தாங்காது. பானட்டில் ஒரு கோட்டு முடிவதற்குள் அழுத்தம் விழும். பெயின்ட் பொடித்தூவலாக வராமல் சொட்டுச் சொட்டாகத் தெறிக்கும். டேங்க் பெரிதானால் இந்தத் தொல்லை கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

டயருக்குக் காற்றடிக்க எந்தச் சின்ன இயந்திரமும் போதும். வீல் நட் கழற்றும் இம்பாக்ட் ரெஞ்சும் சில நொடிதான் ஓடும், டேங்கே சமாளித்துவிடும். பட்டி தேய்க்கும் ஏர் சேண்டர் அப்படியல்ல. ஸ்ப்ரே கன்னைப் போலவே நிற்காமல் காற்றைக் குடிக்கும் பேர்வழி. வீட்டில் மின்சார சேண்டரே மேல்.

அப்படியானால் மூன்று எச்.பி. வாங்கிவிடலாமா? ஒற்றை ஃபேஸ் 230 வோல்ட்டில் அந்த மோட்டார் ஓடும்போதே 15 ஆம்பியரை நெருங்கும். கிளம்பும் கணத்தில் அதைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். வீட்டின் 16 ஆம்பியர் பிளக்குக்கு இது எல்லைக்கோடு. இரண்டு எச்.பி. வாங்கி, நான்கு முதல் ஆறு கன அடியில் வேலை முடிக்கும் எல்.வி.எல்.பி. கன்னை மாட்டுவதுதான் புத்திசாலித்தனம். கன்னை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டுப் பிறகு கம்ப்ரசரைத் தேடுவது இன்னும் நல்லது.

அடுத்த எதிரி தண்ணீர். சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது இது. 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் 24 கிராம் நீராவி இருக்கும். அந்தக் காற்றை எட்டில் ஒரு பங்காக அமுக்கி ஆறவிட்டால் அவ்வளவு ஆவியை அதனால் வைத்துக்கொள்ள முடியாது. ஆறு கன அடி இயந்திரம் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 200 மில்லி, அதாவது ஒரு டம்ளர் தண்ணீர் கழன்று நிற்கும். அதில் ஒரு பகுதி டேங்கின் அடியில் தேங்கித் துருப்பிடிக்க வைக்கும். மீதி ஹோஸ் வழியே வந்து பெயின்டில் கொப்புளமாகும். வேலை முடிந்ததும் அடியில் இருக்கும் டிரெயின் வால்வைத் திறந்துவிடுங்கள். நீர் பிரிப்பானைக் கம்ப்ரசரின் வாயிலேயே மாட்டினால் பயன் குறைவு. அங்கே காற்று சூடு, நீர் இன்னும் ஆவியாகவே இருக்கும். ஏழெட்டு மீட்டர் குழாயில் ஆறிய பிறகு, கன் பக்கமாக மாட்டுங்கள். அந்தக் குழாய் பி.வி.சி.யாக இருக்கவே கூடாது. உடைந்தால் சில்லுகளாகத் தெறிக்கும்.

கடைசியாக, மூச்சுக்காற்று. ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ-கே கிளியர் கோட்டில் ஐசோசயனேட் இருக்கிறது. ஆஸ்துமாவைக் கொண்டுவரும் வேதிப்பொருள்; ஒருமுறை உடலுக்கு அது ஒவ்வாமையாகிவிட்டால் பிறகு துளி பட்டாலும் மூச்சு முட்டும். துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. வெளியிலிருந்து சுத்தமான காற்று தரும் முகமூடி வேண்டும். அது உங்களிடம் இல்லையென்றால் ஹார்டனர் தேவைப்படாத பிரைமரோடும், அதேபோன்ற பெயின்டில் சின்ன டச்-அப்போடும் நிறுத்திக்கொண்டு, முழுக் காரைப் பெயின்ட் பூத் உள்ள பட்டறைக்கு அனுப்பிவிடுங்கள்.