மணிகரண்: அடுப்பில்லாமல் சோறு வேகும் மலை

குலு, மணாலிக்குச் சுற்றுலா போகிறவர்களில் பலர் ஒரு நாளை ஒதுக்கி மணிகரணுக்கும் போய்வருகிறார்கள். பூந்தர் என்ற ஊரில் பியாஸ் ஆற்றோடு பார்வதி ஆறு வந்து கலக்கிறது. அங்கிருந்து பார்வதி ஆற்றை ஒட்டியே சுமார் 35 கிலோமீட்டர் மேலே ஏறினால், கசோல் என்ற ஊரைத் தாண்டியதும் மணிகரண். ஏறத்தாழ 1,760 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். பனி உருகி வரும் ஆற்றில் கை வைத்தால் விரல் விறைத்துப் போகும். அதே ஆற்றின் கரையில், பாறை இடுக்குகளிலிருந்து ஆவி பறக்கிறது.

இங்கே முதலில் பார்க்க வேண்டியது குளியல் தொட்டியை அல்ல, சமையலை. சீக்கியர்களின் குருத்வாராவை ஒட்டிய ஊற்றில் லங்கருக்கான (எல்லோருக்குமான இலவச உணவுக்கான) அரிசியும் பருப்பும் பெரிய பாத்திரங்களில் இறக்கப்பட்டிருக்கும். கீழே விறகும் இல்லை, கேஸும் இல்லை. பார்க்க வருகிறவர்களும் மெல்லிய துணியில் ஒரு பிடி அரிசியையோ கொண்டைக்கடலையையோ முடிந்து, கயிற்றில் கட்டித் தண்ணீரில் விடுகிறார்கள். அரிசி முடிச்சு மெல்லப் பருத்துத் துணியை இறுக்கிக்கொண்டு வரும். வெளியே எடுத்துப் பிரித்தால் ஆவியோடு சோறு.

ஊற்று வாயில் தண்ணீரின் வெப்பம் 90 டிகிரி செல்சியஸைத் தாண்டும். சுமார் 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி வீதம் தண்ணீரின் கொதிநிலை குறைந்துகொண்டே போவதால், மணிகரணில் 94 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும். ஆகவே மணிகரண் ஊற்றில் இருப்பது வெதுவெதுப்பான நீரல்ல, கொதிநீரேதான். விரலை விட்டுப் பார்க்கும் ஆசை வேண்டாம்.

பார்வதி தொலைத்த காதணியைத் தேடிய கதையை இங்குள்ள கோயிலில் சொல்வார்கள். சிவன் சினம்கொள்ள, ஆதிசேஷன் சீறியதில் வெந்நீர் பொங்கியதாம். குரு நானக்கோடு வந்த மர்தானா ஊற்றில் போட்ட ரொட்டிகள் முதலில் மூழ்கி, பிறகு வெந்து மிதந்து வந்த கதையைச் சீக்கியர்கள் சொல்வார்கள். ஒரே ஊற்றை இரு சமயத்தாரும் புனிதமாகக் கொள்கிறார்கள்.

எரிமலையே இல்லாத இமயமலையில் வெந்நீர் எப்படி வருகிறது? இந்தியக் கண்டத்தட்டு வடக்கே நகர்ந்து யூரேசியத் தட்டோடு மோதத் தொடங்கி ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அந்த மோதல் இன்னும் நின்றபாடில்லை. நெருக்கப்பட்ட பாறைகள் மடிகின்றன, உடைகின்றன, மேலே ஏறுகின்றன. உடைந்த இடங்களில் ஆழமான பிளவுகள் விழுகின்றன. மேலே பெய்யும் மழையும் உருகும் பனியும் அந்தப் பிளவுகள் வழியாகக் கீழே இறங்குகின்றன. பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் பொதுவாக 25 முதல் 30 டிகிரி வரை வெப்பம் கூடும். இமயமலையிலோ ஆழத்துச் சூடான பாறைகள் வேகமாக உயர்ந்து வந்திருப்பதால், சில இடங்களில் குறைந்த ஆழத்திலேயே கடும் வெப்பம் இருக்கிறது. போதாததற்குக் கிரானைட் பாறைகளில் சிறிய அளவில் இருக்கும் யுரேனியம், தோரியம் போன்ற கதிரியக்கத் தனிமங்களும் வெப்பம் தருகின்றன. சூடான நீர் இலேசாகி, வேறொரு பிளவு வழியாக மேலே ஏறுகிறது. மலையை ஆறு ஆழமாக அறுத்திருக்கும் பள்ளத்தாக்கின் அடியில் அதற்கு வெளியேற எளிய வழி கிடைக்கிறது. வெந்நீர் ஊற்றுகள் பலவும் மலையுச்சியில் இல்லாமல் ஆற்றங்கரையில் இருப்பதற்கு இதுவே காரணம். யமுனோத்ரியின் சூரிய குண்டமும் பத்ரிநாத்தின் தப்த குண்டமும் அப்படி ஆற்றோரத்தில் அமைந்தவைதாம்.

கீழே சுற்றி வரும்போது நீர் பாறையிலிருந்து உப்புகளைக் கரைத்துக்கொண்டு வருகிறது. சில ஊற்றுகளில் அழுகிய முட்டை வாடை வரும். அது ஹைட்ரஜன் சல்பைடு வாயு. வெள்ளிக் கொலுசோடு இறங்கினால் கறுத்துவிடும். கழற்றி வைத்துவிடுங்கள்.

இனிக் குளியல். குளிக்கும் தொட்டிகளில் குளிர்ந்த நீரைக் கலந்து சூட்டைத் தணிக்கிறார்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனித் தொட்டிகள் உண்டு. மணாலிக்கு அருகே உள்ள வசிஷ்டிலும் அப்படித்தான். தணித்த பிறகும் நாம் வீட்டில் குளிக்கும் வெந்நீரைவிடச் சூடாகவே இருக்கும். முதலில் பாதத்தை வைத்துப் பாருங்கள், பிறகு மெல்ல இறங்குங்கள். பத்து நிமிடம் போதும். வெந்நீரில் ரத்தக் குழாய்கள் விரிந்து ரத்த அழுத்தம் இறங்கும். சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். அந்த நொடியில் ஈரப் படியில் வழுக்கி விழக்கூடும் என்பதால், பிடித்துக்கொண்டு எழுவது நல்லது. இதய நோயாளிகளும், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போகட்டும். கர்ப்பிணிகள் தவிர்ப்பதே நல்லது. மது அருந்திவிட்டு இறங்கவே கூடாது. நீண்ட நாள் சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு இன்னொரு ஆபத்து: சூடு தெரியாமலேயே தோல் வெந்துவிடும். வீட்டுப் பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் இதை மறக்க வேண்டாம். அவர்களுக்காக நீங்களே கையை விட்டுப் பாருங்கள்.

தலையை முக்கிக் குளிப்பதும் கூடாது. ‘மூளையைத் தின்னும் அமீபா’ என்று கேரளச் செய்திகளில் படித்திருப்பீர்கள். அது வெதுவெதுப்பான நன்னீரில் வாழ்வது; 46 டிகிரி வரை தாங்கும்; மூக்கு வழியாக ஏறினால்தான் நோய். அரிதாக வருவது, ஆனால் வந்தால் பிழைப்பவர் மிகச் சிலரே. கழுத்தளவோடு நிறுத்திக்கொண்டால் போதும்.

எப்போது போகலாம்? மே, ஜூன் தொடக்கம். இல்லையென்றால் செப்டம்பர் கடைசியும் அக்டோபரும். மழைக்காலத்தில் பார்வதி ஆற்றுப் பள்ளத்தாக்குக்குப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மண்ணும் பாறையும் சரியும் மலை அது. 2015 ஆகஸ்டில் மணிகரண் குருத்வாரா மீதே பாறை விழுந்து உயிர்கள் போயின.

வெந்நீர் ஊற்று என்றும் நிலைத்திருக்கும் என்று நினைக்க வேண்டாம். கேதார்நாத் போகும் வழியில் இருந்த கௌரிகுண்டத்தின் வெந்நீர்க் குளத்தை 2013 ஜூன் வெள்ளம் அடித்துப் போய்விட்டது. சட்லெஜ் கரையில் தத்தாபானியின் பழைய ஊற்றுகள் கோல் அணையின் நீர்த்தேக்கத்துக்குள் மூழ்கிப்போயின. துளையிட்டுத்தான் வெந்நீரை மறுபடி மேலே கொண்டுவர வேண்டியிருந்தது. இருக்கிற ஊற்றுகளில் சோப்பு, ஷாம்பு போடாதீர்கள். அந்த நீர் நேரே ஆற்றில்தான் போய் விழுகிறது. அரிசி கொண்டுவந்த பிளாஸ்டிக் பையையும் முடிந்த துணியையும் அங்கேயே போட்டுவிட்டு வராமல் கையோடு எடுத்து வாருங்கள்.