சளிச்சுரமும் ஆய்வுகூடமும்

தடிமன், இருமல், சுரம் என்றதும் பெனிசிலின் இனத்து மருந்தொன்றை வேண்டி நிற்போர் நம்மிடையே பலர். ஆனால் எல்லாச் சுரத்துக்கும் ஒரே கிருமி காரணமன்று. பெனிசிலின், பற்றீரியா தன் கலச்சுவரைக் கட்டவொட்டாது தடுத்து அதனை அழிக்கின்றது. வைரசுக்கோ கலச்சுவரே கிடையாது. பிற உயிர்களின் கலத்துட் புகுந்தே அது பெருகும். அதனைப் பெனிசிலின் என்ன செய்யும்? ஆகவே, மருந்தைத் தேடுமுன் பகை யாதென அறிதல் வேண்டும்.

அதனை அறியாமையால் விளைந்த இடரை இன்புளுவென்சாவின் வரலாறு காட்டும். 1892ஆம் ஆண்டில் றிச்சாட் பைபர் என்னும் ஜெர்மானிய அறிஞர் நோயாளரின் சளியில் ஒருவகைப் பற்றீரியாவைக் கண்டு, அதுவே நோய்க்குக் காரணம் என்றார். 1918இல் அந்நோய் உலகெங்கும் பரவிக் கோடிக்கணக்கானோரைக் கொன்றபோது, அமெரிக்காவில் அப்பற்றீரியாவுக்கு எதிராகத் தடுப்பு மருந்துகள் ஆக்கப்பட்டன. அவை இன்புளுவென்சாவைத் தடுக்கவில்லை.

1933இல் இங்கிலாந்தில் வில்சன் சிமித், கிறித்தோபர் அன்றூசு, பற்றிக் லெயிட்லோ என்னும் மூவர் உண்மையைக் கண்டனர். நோயாளர் தொண்டையைக் கொப்புளித்த நீரை, பற்றீரியா கடக்கமுடியாத நுண்ணிய வடியிலிட்டு வடித்து, கீரியைப் போன்ற பெரற்று என்னும் விலங்கின் மூக்கில் விட்டனர். அதற்கும் சுரம் கண்டது. வடியைக் கடந்த அக்காரணியே வைரசு.

பின்னர், நோயாளரின் குருதியில் எதிர்ப்பொருள் உயர்வதை இருமுறை அளந்து நோயை உறுதிசெய்யும் வழி பிறந்தது. எனினும், இரண்டாம் முறை குருதி எடுக்க இரு வாரமளவில் காத்திருத்தல் வேண்டும். அதற்குள் நோயாளி தேறியிருப்பார்; அன்றேல் மாண்டிருப்பார்.

இக்குறையை நீக்கியது, 1983இல் கறி மலிஸ் வகுத்த பி.சி.ஆர். முறை. கொரோனாத் தொற்றின்போது நாம் யாவரும் கேள்வியுற்றது இதுவே. மூக்கினுள்ளே பஞ்சுக்குச்சியால் எடுத்த மாதிரியிலுள்ள வைரசின் ஆர்.என்.ஏ., முதலில் டி.என்.ஏ.யாக மாற்றப்படும். அதன் ஒரு பகுதி சுற்றுக்குச் சுற்று இரட்டிக்கும். முப்பது சுற்றில் ஒன்று நூறு கோடிக்கும் மேலாகும். சில மணி நேரத்தில் விடை கிடைத்துவிடும்.

இவ்விரைவு வீணன்று. இன்புளுவென்சாவுக்குரிய ஒசெல்ற்றமிவிர் என்னும் மருந்து, புதிய வைரசுகள் கலத்தைவிட்டு வெளியேறாது தடுக்கும். நோய் தொடங்கி 48 மணி நேரத்துள் கொடுத்தாலே அதன் பயன் மிகுதி. சாதாரண தடிமனுக்கு இத்தகைய மருந்தில்லை. ஓய்வும் நீராகாரமுமே போதும்.

வைரசால் நலிந்த நுரையீரலைப் பற்றீரியாவும் தாக்குவதுண்டு. 1918இல் மாண்டோருட் பெரும்பாலோர்க்கு இவ்வாறே நேர்ந்தது. அந்நிலையில் பெனிசிலின் போன்றவை உயிர் காக்கும். அதனைத் துணியவேண்டியவர் வைத்தியரே. தேவையின்றி உண்பதால், அம்மருந்துக்கு அடங்காத பற்றீரியாக்கள் பெருகி, உண்மையில் வேண்டும்போது மருந்து பயனற்றுப் போகும்.

பெற்றோர் ஒன்றை மறவாதிருத்தல் நன்று. குழந்தை மூச்சுத்திணறினாலோ, மூச்செடுக்கும்போது நெஞ்சு உட்குழிந்தாலோ, பரிசோதனை முடிவுக்குக் காத்திராது உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க.