ஆஸ்பர்ன் குடிலும் தோட்டமும்

அரச குடும்பத்தினர் தம் பெருமாளிகையின் அருகே எளிய குடில் ஒன்றை அமைத்து மகிழ்தல் ஐரோப்பிய வரலாற்றில் பலவிடத்தும் காணப்படும் வழக்கமாகும். இவையனைத்தையும் செல்வர்தம் பொழுதுபோக்கு என ஒன்றாக அடக்கிவிடுவோர் உளர். அக்கருத்து எல்லாக் குடில்களுக்கும் பொருந்துமா என்பதை, இங்கிலாந்தின் தென்கரையை அடுத்த வைட் தீவில், ஆஸ்பர்ன் மாளிகை வளாகத்தில் உள்ள ‘சுவிஸ் குடிலை’ முன்வைத்து ஈண்டு ஆராய்வோம்.

விக்டோரியா அரசியாரும் அவர்தம் கணவர் ஆல்பர்ட் இளவரசரும் ஆஸ்பர்ன் நிலத்தை 1845-ஆம் ஆண்டில் விலைக்கு வாங்கினர். ஆங்கு எழுந்த மாளிகையினின்றும் விலகி, ஆல்ப்ஸ் மலைநாட்டு உழவர் வீட்டின் அமைப்பில், 1853–54-இல் இம்மரவீடு கட்டப்பெற்றது. இதன் புறத்தே திருப்பாடல் வரிகளும் முதுமொழிகளும் செருமானிய மொழியில் பொறிக்கப்பெற்றுள்ளன. ஆல்பர்ட் பிறந்தது செருமனியில், கோபர்க் நகரை அடுத்த ரோசனோ மாளிகையில். தாம் இளமையில் ஆங்குப் பெற்ற பயிற்சியைத் தம் மக்களும் பெறவேண்டும் என்று அவர் விரும்பினார்.

அப்பயிற்சியின் இயல்பைத் தோட்டம் நன்கு காட்டுகின்றது. அரச மக்கள் ஒன்பதின்மருக்கும் ஆளுக்கொன்றாக நிலப்பகுதிகள் வகுக்கப்பெற்றன. காய், கனி, மலர் ஆகியவற்றை அவரவரே பயிரிட்டனர். சிறுவர் கைக்கேற்ற அளவில் செய்யப்பெற்ற தோட்டக் கருவிகளிலும் தள்ளுவண்டிகளிலும் உரியவரின் பெயர் முதலெழுத்துகள் இடம்பெற்றிருந்தன. ஒருவர் கருவியை மற்றவர் தமதென்னல் இயலாது. அதனைப் பேணாதார் யாரென்பதும் மறையாது.

விளைபொருளைத் தோட்டப் பணியாளர் ஒருவர் பார்வையிட்டு மதிப்பிடுவார். பின்னர் ஆல்பர்ட் சந்தை விலைப்படி அதற்குப் பணம் கொடுப்பார். இஃது அன்பளிப்பன்று; விலை. தந்தை மக்களுக்குப் பரிசு தருதல் எளிது. விளைவின் தரத்தை மற்றொருவர் ஆய்ந்து ஒப்பிய பின்னரே பணம் தருதல் வேறு. உழைப்புக்கும் ஊதியத்துக்கும் உள்ள தொடர்பைச் சொல்லால் அன்றிச் செயலால் உணர்த்திய முறை இது.

குடிலினுள் சிறுவர்க்கேற்ற அளவில் அமைந்த சமையலறை உண்டு. இளவரசியர் ஆங்குச் சமைக்கக் கற்றுத் தம் பெற்றோரை அழைத்து விருந்தளித்தனர். மளிகைக்கடை போன்ற விளையாட்டுக் கடையும் இருந்தது. பிள்ளைகள் திரட்டிய இயற்கைப் பொருள்கள் பெருகவே, அவற்றுக்கெனத் தனி அருங்காட்சிக் கட்டடம் 1862-இல் எழுந்தது. அதற்கு முந்திய ஆண்டின் இறுதியிலேயே ஆல்பர்ட் மறைந்துவிட்டார்.

இனி, பிரான்சு நாட்டு வெர்சாய் அரண்மனைப் பூங்காவில் மேரி அந்துவானெத் அரசி 1783 முதல் அமைப்பித்த சிற்றூரை ஒப்புநோக்குவோம். அதனை வெறும் நாடக மேடை என்றல் பொருந்தாது. ஆங்கு உண்மையான பண்ணையும் இயங்கிற்று. ஆயினும், பண்ணையில் உழைத்தவர் பணியாளரே. அரசி அதன் பயனை நுகர்ந்தவர். ஆஸ்பர்னிலோ நிலத்துக்கு உரியவர் கையிலேயே மண்வெட்டி இருந்தது. எனவே இவ்விரண்டையும் ஓரினமாக வைத்தல் ஆகாது.

ஆயின், ஆஸ்பர்ன் முறைக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு பருவத்து விளைவு பொய்த்தால் உழவன் வீட்டில் அடுப்பு எரியாது. இளவரசரின் பாத்தி வாடினால் அன்றைய விலை மட்டுமே குறையும். வாங்குவோரும் தந்தையே ஆதலின், விலைபோகாத பொருளைச் சுமந்து வீடு திரும்பும் துயரை அப்பிள்ளைகள் அறியார். உழைப்பின் முறையை இத்தோட்டம் கற்பித்தது. வறுமையின் அச்சத்தை அதனால் கற்பிக்க இயலவில்லை.

அரசியார் 1901-இல் ஆஸ்பர்னிலேயே காலமானார். மறு ஆண்டில் ஏழாம் எட்வர்ட் மன்னர் இம்மாளிகையை நாட்டுக்கு வழங்கினார். அவர் இத்தோட்டத்தில் பயின்ற பிள்ளைகளுள் ஒருவர். குடிலும் தோட்டமும் இன்றும் பேணப்படுகின்றன. பெயரெழுத்துப் பொறித்த வண்டிகளையும் காண்போர் காணலாம். அரசர் வரலாற்றை ஆராய்வோர் அரியணைகளோடு இத்தள்ளுவண்டிகளையும் சான்றாகக் கொள்ளல் வேண்டும் என்பது எம் கருத்து.