நீர்க்கசிவும் நுரைப்பிசினும்

தெமோதரைக்கு அணித்தாகிய பண்டாரவளைப் பகுதியில், உமா ஓயாத் திட்டத்தின் பொருட்டு மலையினடியிற் சுரங்கம் அகழப்பட்டது. 2014 டிசெம்பரில் பாறைப் பிளவுகள் வழியே நீர் அதனுட் பெருகிற்று. மேலே கிணறுகள் வற்றின. வீட்டுச் சுவர்கள் வெடிப்புற்றன. ஆதலின் கசிவடைத்தல் பொறியியலாரின் கவலை மாத்திரமன்று. குடிநீரோடும் குடியிருப்போடும் இயைந்ததொன்றாம்.

சீமெந்துக் குழம்பினைப் பிளவினுட் செலுத்துதல் பழைய முறை. ஆயின், விரைந்தோடும் நீர் சீமெந்தை இறுகுமுன் அடித்துச் செல்லும். நுண்பிளவுகளிலோ அதன் துகள்கள் புகா. இவ்விடத்து உதவுவது பொலியூரித்தேன் பிசின். பொலியூரித்தேனை 1937இல் ஜேர்மனியில் ஒட்டோ பேயர் என்பார் கண்டறிந்தார். பிளவை ஊடறுக்குமாறு சாய்வாகத் துளையிட்டு, சிறுகுழாய் பொருத்தி, பிசினை அமுக்கத்துடன் செலுத்துவர். அதிலுள்ள ஐசோசயனேற்று நீரோடு தாக்கமுறக் காபனீரொட்சைட்டு வாயு பிறக்கும். அவ்வாயுவாற் பிசின் நுரைத்து, பன்மடங்கு விரிந்து, பிளவெங்கும் நிரம்பி இறுகும். சீமெந்துக்குப் பகையாகிய நீரே இதற்குத் துணையாதல் வியப்பன்றோ!

எனினும் இதற்கும் எல்லையுண்டு. பிசின் விலை மிக்கது. இறுகுமுன் அதன் ஆவி சுவாசத்திற்குத் தீங்கானது. கசிவை அடைத்த மாத்திரத்தே தாழ்ந்த நிலம் மேலெழாது. வெடித்த சுவரும் கூடாது. உமா ஓயாவின் 120 மெகாவாற்று மின்னிலையம் 2024இல் திறக்கப்பட்டது. அதன் வரலாறு புகட்டும் பாடம் ஒன்றே: அகழுமுன் முன்னோக்கித் துளையிட்டுச் சோதித்து, நீர்ப்பிளவை அடைத்த பின்னரே மேற்செல்லல் வேண்டும்.